கீழ்த்தளத்தின் இரட்டை மணி

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் 'டிங்' என்று ஒரே ஒரு மணி அடிக்கும். கீழ்த்தளத்தில் மட்டும் 'டிங்-டாங்'. நான்காம் மாடியில் கண் தெரியாத பியானோ வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். லிஃப்டுக்குள் ஆள் பேசுவது போல ஒரு குரலை வைத்தால் தனக்கு எரிச்சல் வரும், மணியை மட்டும் வேறுபடுத்திக் கொடுத்தால் தெருவுக்கு வந்துவிட்டது தெரிந்துவிடும் என்று அவர் கேட்டதால் வந்த ஏற்பாடு அது. செய்து கொடுத்தவள் அந்த லிஃப்டைப் பராமரிக்கிற மெக்கானிக். அவள் குடியிருந்ததும் அதே கட்டடத்தின் ஏழாம் மாடியில்தான். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் லிஃப்டம்மா.

அந்த மணிப்பெட்டிக்குள் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. மின்சாரம் வந்ததும் தண்டு பாய்ந்துபோய் ஒரு தகட்டில் இடிக்கும், அது டிங். மின்சாரம் நின்றதும் சுருள்வில் தண்டைப் பின்னுக்கு இழுக்கும், அது மறுபக்கத் தகட்டில் போய் மோதும், அது டாங். கடையில் இதை ஜோடியாகத்தான் விற்றார்கள். ஒன்றை லிஃப்டில் மாட்டிவிட்டு மற்றதை வீட்டு அலமாரியில் போட்டுவைத்தாள் லிஃப்டம்மா. பின்னால் நடந்ததெல்லாம் அந்த இரண்டாவது பெட்டியால் வந்த வினை.

அவளுடைய மாமனார் தொலைதூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளட்சை மிதித்து மிதித்தே தேய்ந்துபோன இடது முழங்காலைக் கழற்றிப் புதுசு வைத்திருந்தார்கள். முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுக் கொடுத்தாயிற்று. கால் உறுதிப்படுகிறவரை தனியாக எழுந்து நடக்கக் கூடாது, எங்காவது வழுக்கி விழுந்தால் மறுபடி கத்திதான் என்று மருத்துவர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாமனார் உரக்கக் கூப்பிடுகிற ஆள் இல்லை. அதுவும் கழிவறைக்குப் போக வேண்டும் என்று மருமகளைக் கூப்பிடுவதென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே அவள் அலமாரியிலிருந்த மணிப்பெட்டியை எடுத்துச் சமையலறை வாசலில் மாட்டினாள். பொத்தானைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். வாயைத் திறக்க வேண்டாம், விரலை வைத்தால் போதும்.

முதல் தடவை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"ரெண்டு மணியா? ரெண்டு மணின்னா வண்டிய எடுன்னு அர்த்தம்மா. ஒத்த மணி அடிச்சாதான் யாரோ இறங்கணும்னு நிறுத்துவோம். எனக்குத் தப்பான மணிய மாட்டிட்டியே."

அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாய்க்குட்டியைக் கொண்டுவந்தவள் மாமனாரின் மகள். அவளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதாகிவிட்டாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். மழலையர் பள்ளி ஒன்றை நடத்திவந்தாள். ஊரில் பாதிக் குழந்தைகள் கழிவறைக்குப் போகக் கற்றது அவள் கையால்தான் என்று பெருமையடித்துக்கொள்வாள். அதில் பொய்யில்லை. குழந்தை நனைத்துவிட்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, துணியை மாற்றிக்கொண்டே வேறு ஏதாவது பேச வேண்டும் என்பது அவள் பள்ளியின் சட்டம். அதை மீறிய ஆயாவுக்கு அன்றோடு வேலை போனது.

அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருபவர் எவ்வளவு கெஞ்சினாலும் காலை மடக்குவதில்லை என்று அண்ணன் சொன்னதைக் கேட்டு, துணைக்கு இருக்கட்டும் என்று பழுப்பு நிறத்தில் ஒரு குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு நிபந்தனையும் கொண்டுவந்தாள். குட்டி தரையில் ஈரம் பண்ணினால் அதில் அப்பா பிடித்து நடக்கிற நடைச்சட்டம் வழுக்கும். அடுத்த சனிக்கிழமைக்குள் பழகாவிட்டால் திருப்பி எடுத்துப்போய் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். லிஃப்டம்மாவால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. அந்த நான்கு கால் அலுமினியச் சட்டத்தின் ரப்பர் குமிழ்கள் ஈரத் தரையில் எப்படிச் சறுக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மாமனார் குட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிக்கெட் எடுக்காம ஏறிட்டான். ஓசி."

அதுவே பேராகிவிட்டது. கொஞ்சவில்லை, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஓசியைப் புல்வெளிக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தார். கீழே சரியாகத் தெரிவதில்லை என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மகனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஜன்னல் கம்பிவரை நடந்தார். பயிற்சிக்காரரால் முடியாததை ஓசி செய்துவிட்டது என்று மகன் சொன்னான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லை தேய்ப்பவன். எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்வான்.

ஆக, ஓசி சனிக்கிழமையைத் தாண்டுமா என்பது ஓசியின் பிரச்சினை மட்டும் இல்லை.

நாய்க்குட்டியைப் பழக்குவது, கொஞ்சம் யோசித்தால், ஓர் இயந்திரத்தின் நேரத்தைப் புரிந்துகொள்கிற வேலை. குட்டியின் சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம் அளவுதான். அந்தப் பையின் வாயை மூடித் திறக்கிற தசை இன்னும் மூளையின் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்காது. அது பிடிவாதம் பிடிக்கவில்லை. பிடித்து வைக்கத்தான் தெரியவில்லை. தூங்கி எழுந்ததும் வரும், தின்று முடித்ததும் வரும், குதித்து விளையாடியதும் வரும். அந்தந்த நேரத்துக்கு அதைப் புல்லில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அது போய் முடித்த அதே நொடியில் வாயில் ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்கு வந்து கொடுத்தால், லிஃப்டில் ஏறியதற்காகக் கொடுக்கிறார்கள் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். திட்டுவதால் பயன் இல்லை. நனைக்கக் கூடாது என்று அதற்குப் புரியாது, நீ பார்க்கும்போது நனைக்கக் கூடாது என்றுதான் புரியும். பிறகு சோபாவுக்குப் பின்னால் போய்ப் போகும்.

லிஃப்டம்மா இதையெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டு, ஒரு திருகு பிசகாமல் செய்தாள். லிஃப்டுக்குள் இறக்கிவிட்டால் அங்கேயே போய்விடும் என்று ஓசியைக் கையிலேயே வைத்திருப்பாள். கீழ்த்தளத்தில் டிங்-டாங் என்று கதவு திறந்ததும் நாலு எட்டில் புல்வெளி. தரையில் விடுவாள். ஓசி உட்காரும். கோழித்துண்டு. சொல்லிவைத்தாற்போல ஒரு தடவைகூடத் தவறவில்லை. மணி அடித்த மாத்திரத்தில் அவள் கையிலிருந்து நழுவப் பார்க்கும் அளவுக்குக் காரியத்தில் கண்ணாகிவிட்டது. காவலாளி பார்த்துவிட்டு, எங்க வீட்டுப் பையனுக்கும் இப்படி ஒரு பாடம் எடுங்களேன் என்றார்.

புல்லில் இவ்வளவு சமர்த்தாக இருந்த ஓசி வீட்டுக்குள் வந்தால் கெட்டது. கீழே போய் முடித்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே முன்னறை நடுவில் குட்டையாய் ஒரு ஈரம். மறுநாள் கட்டிலுக்கு எதிரே. இன்னொரு நாள் சமையலறை வாசலில். கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் சில நாள், அதுவும் இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஆச்சரியப்படும்படி.

இதில் அவள் கவனித்தது ஒன்றுதான்: எப்போதும் மாமா மணி அடிக்கிற நேரத்தில்தான் இது நடக்கிறது. மணி கேட்டு அவள் ஓடிவந்தால் அங்கே ஈரமும் பக்கத்தில் ஓசியும். கணவன் யோசித்து, அப்பாவை நீ கவனிக்கப் போவது அதற்குப் பொறாமை என்றான். லிஃப்டம்மாவுக்கு அது ஒப்பவில்லை. நாய்க்குப் பொறாமை இருக்கலாம். பொறாமைக்காகத் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. அவள் சந்தேகப்பட்டது வாசனையை. தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் சுத்தம். நாயின் மூக்குக்கு அந்த நெடிக்கு அடியில் பழைய இடம் அப்படியே விலாசம் எழுதியதுபோல் இருக்கும். வினிகர் கலந்த வெந்நீரால் துடைத்துப் பார்த்தாள். அப்படியும் நிற்கவில்லை. அதுமட்டுமல்ல, வாசனையால் வந்தால் ஒரே இடத்துக்குத்தானே வர வேண்டும்? இது ஊர்கோலம் போகிறதே.

அவள் தொழிலில் இப்படிப்பட்ட கோளாறுதான் மெக்கானிக்கின் உயிரை எடுக்கும். ஒரேயடியாக நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்துவிடலாம். நினைத்தால் நின்று நினைத்தால் ஓடுகிற லிஃப்ட், மெக்கானிக் தலையைக் கண்டதும் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஓடும். அதற்கு ஒரே வழி, கோளாறை நம் இஷ்டத்துக்கு வரவழைப்பது. எதைச் செய்தால் வருகிறது என்று தெரிந்துவிட்டால் எதனால் வருகிறது என்று தெரிந்துவிடும். இங்கே அவளுக்கு வரவழைக்கத்தான் தெரியவில்லை.

மாமனாரிடமும் கேட்டுப் பார்த்தாள். நாள் முழுக்க அதே அறையில் இருப்பவர், எதாவது கண்ணில் பட்டிருக்குமே என்று. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, சின்ன வண்டிதானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று பிடிகொடுக்காமல் சொன்னார்.

அவருக்கும் அந்த நாட்களில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அறுவைச் சிகிச்சையின்போது சிறுநீருக்குக் குழாய் வைத்து எடுத்திருந்தார்கள். தசை தன் வேலையை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை வேறு அவசரப்படுத்தும். பேருந்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பயணிகளுக்காக எத்தனையோ தடவை நிறுத்தியவர், தனக்கென்று ஒரு தடவைகூட வழியில் இறங்கியதில்லை என்பதைப் பதக்கம்போலச் சொல்லிக்கொள்வார். இதையெல்லாம் லிஃப்டம்மா அறிந்துதான் இருந்தாள். அறிந்ததை அறிந்த இடத்திலேயே வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தது. மூக்கில் வேர்த்தாற்போலக் காலையிலேயே பாப்பாவும் வந்தாள், காலிக் கூடையோடு.

அன்று லிஃப்டம்மாவுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் சின்ன வேலை ஒன்று இருந்தது. பெட்டியைக் காவலாளியிடம் வைத்துவிட்டு, ஓசியைப் புல்லில் விட்டு வீட்டில் சேர்த்த பிறகு போகலாம் என்று கருவிப்பெட்டியையும் தூக்கிக்கொண்டாள். இரண்டையும் தூக்கி நிற்க முடியாமல், லிஃப்டுக்குள் முதல் தடவையாக ஓசியைத் தரையில் இறக்கிவிட்டாள். ஆறாம் மாடியில் யாரோ ஏறினார்கள், டிங். ஓசி காதை மட்டும் ஆட்டியது. நான்காம் மாடியில் பியானோ வாத்தியார் ஏறினார், டிங். அவருடைய காலை மோந்து பார்த்தது. கீழ்த்தளம் வந்தது. டிங்-டாங். கதவு முழுசாகத் திறப்பதற்குள், வாத்தியாரின் செருப்புக்குப் பக்கத்திலேயே, ஓசி பின்னங்காலை மடக்கி அமைதியாக உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே கோழித்துண்டுக்காக அண்ணாந்து அவளைப் பார்த்தது.

வாத்தியார் மன்னித்துவிட்டுப் போனார். லிஃப்டம்மா துடைத்துவிட்டு, வேலைக்குப் போகாமல், அதே லிஃப்டில் மேலே ஏறினாள்.

வீட்டில் எல்லோரையும் முன்னறைக்குக் கூப்பிட்டாள். ஓசிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சமையலறையில் கரண்டியால் தட்டைத் தட்டினாள். ஓசி திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். கை தட்டினாள். வாலாட்டியது. கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டாள். டிங்-டாங். ஓசி கம்பளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தது.

கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவி தன் கையாலேயே வீட்டில் மணி மாட்டி, மணி அடித்தால் போகும்படி நாயையும் பழக்கி, பிறகு ஏன் போகிறது என்று ஒரு வாரமாகத் தரையை மோந்துகொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தாங்க முடியாத வேடிக்கையாக இருந்தது. பாப்பாவும் சிரித்தாள். தப்பு நாயிடம் இல்லை, நாய் சொன்னதைத்தான் செய்திருக்கிறது, தப்பு முழுக்கத் தன்னுடையது என்று லிஃப்டம்மா ஒத்துக்கொண்டாள். கோளாறு பிடிபட்ட சந்தோஷத்தில் அப்படி ஒத்துக்கொள்வது அவளுக்குச் சுமையாகவே இல்லை. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மகிழ்ச்சிப்பட வேண்டிய ஆள் அவர்தானே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

பாப்பா அத்தனை சுலபத்தில் விடுகிறவள் இல்லை.

"சரி அண்ணி. மணியக் கழட்டிடுங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாக்கறேன். அதுக்கப்புறமும் தரையில ஒரு சொட்டு இருந்தா, கூடையில போட்டுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். எனக்கு எங்கப்பா கால்தான் முக்கியம்."

நியாயம்தான் என்றாள் லிஃப்டம்மா. மணிப்பெட்டியின் கம்பியை அவிழ்த்துவிட்டாள். வேறு ஏற்பாடு செய்கிறவரை தட்டிக் கூப்பிடச் சொல்லி மாமனாரின் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், பால்கனியில் நின்ற மகளைப் பார்த்தார்.

மத்தியானம் கணவன் கடைக்குப் போனான். பாப்பா பால்கனியில் ஃபோனில், பிள்ளை அழுதுகொண்டே பள்ளிக்கு வருகிறது என்று குறைப்பட்ட ஏதோ ஒரு தாயைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். மாமனார் கண்ணை மூடியிருந்தார். லிஃப்டம்மா கழிவறைக் கதவோரம் தரையைத் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே துடைப்பானைச் சாய்த்து வைத்தாள். தூங்கி எழுந்த ஓசியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். புல்லில் எல்லாம் முறைப்படி நடந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பாப்பா கழிவறைக் கதவருகே இடுப்பில் கையை வைத்து நின்றிருந்தாள். அவள் காலடியில் அகலமாக ஈரம்.

"பாருங்க அண்ணி. கீழ போறதுக்கு முன்னாடியே இங்க முடிச்சிட்டுத்தான் போயிருக்கான் உங்க சமத்து. மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

லிஃப்டம்மா குட்டியோடு வாசலிலேயே நின்று அறையைப் பார்த்தாள். அவள் கண் தானாகவே வேலை செய்தது. தான் போகும்போது தரை காய்ந்திருந்தது. கட்டிலின் இடப்பக்கம் நிறுத்திவைத்த நடைச்சட்டம் வலப்பக்கம் நின்றது. அதன் முன்கால் ரப்பரில் ஈரம். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார், போர்வை கழுத்துவரை. டம்ளரும் கரண்டியும் வைத்தது வைத்தபடி இருந்தன.

ஒன்று விளங்கியதும் மற்றதும் வரிசையாக விளங்கின. கழிவறைக் கதவோரம் பார்த்த பெரிய ஈரங்கள் எல்லாம் வேறு கணக்கு. வாசனை வழியாக அந்த இடத்துக்கு யாரும் திரும்பி வரவில்லை. கதவுவரை வந்து, அதற்குமேல் முடியாமல் போயிருக்கிறது. பிறகு கட்டிலுக்குத் திரும்பி மணி அடித்தால் ஓசி ஓரிடத்தில் உட்காரும். ஓடிவருகிற மருமகள் இரண்டு ஈரத்தையும் ஒரே தலையில் கட்டுவாள். இந்த வீட்டில் அந்த மணியின் வேலை என்னவென்று முதலில் கண்டுபிடித்த மெக்கானிக் அவள் இல்லை.

நடந்ததைச் சொன்னால் ஓசி தப்பிக்கும். சொல்லாவிட்டால் கூடைதான். பழுதின் காரணத்தை அவள் எந்தக் கட்டடத்திலும் மறைத்ததில்லை. ஆனால் லிஃப்டுக்கு வெட்கம் கிடையாது.

"நாய் இல்ல பாப்பா. நான்தான் வாளியத் தூக்கறப்ப தண்ணி சிந்திட்டேன்."

"அண்ணி, நாள் முழுக்க என் வேலையே இதுதான். தண்ணிக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? நீங்க அதுக்காகப் பொய் சொல்ற அளவுக்குப் போயிட்டீங்கன்னா, இப்பவே கொண்டுபோறதுதான் நல்லது."

பாப்பா கோபப்படவில்லை, காரியத்தில் இறங்கினாள். ஓசியின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துத் துடைத்தாள், கழுத்துப்பட்டையை எடுத்தாள், இரண்டையும் கூடையில் வைத்தாள். பிறகு லிஃப்டம்மாவின் கையிலிருந்து குட்டியை வாங்கக் கையை நீட்டினாள்.

"பாப்பா, கிண்ணத்த எடுத்து வெளிய வை."

சுவர்ப்பக்கமிருந்து வந்தது குரல். மாமனார் திரும்பவில்லை.

"அப்பா, நீங்க இதுல—"

"அவன் அப்ப வண்டியிலயே இல்ல."

"யாரு?"

"ஓசி. நீ ஃபோன்ல இருந்தப்பவே உங்க அண்ணி அவனத் தூக்கிட்டு இறங்கிட்டா. ஜன்னல்ல பாத்தேன். அவன் புல்லுல இருக்கறப்ப இங்க வண்டியில இருந்தது நான் ஒருத்தன்தான்."

பாப்பா நீட்டிய கையோடு நின்றாள். மாமனார் போர்வைக்குள்ளிருந்தே, முன்பும் சில தடவை அப்படித்தான், மணி அடித்தால் அவன் உட்காருவான் என்பது தனக்கு இரண்டாம் நாளே தெரியும் என்று சொல்லி முடித்தார். சாலை நிலவரம் சொல்வது போலத்தான் சொன்னார், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

லிஃப்டம்மா, அந்த மணியை மாட்டியது தான்தானே என்று ஏதோ தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

பாப்பா கூடையிலிருந்து கிண்ணத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அண்ணியை நகரச் சொல்லித் துடைப்பானை எடுத்தாள். கழிவறைக் கதவோரம் துடைத்தாள். சட்டத்தின் ரப்பரைத் தனியாகத் துடைத்தாள். அலமாரியிலிருந்து அப்பாவுக்கு மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய், போர்வைக்கு மேல் கையை வைத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்:

"மழை வருமாப்பா?"

அவர் சுவரிலிருந்து ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு மேற்கே கறுத்திருந்தால் வரும், கிழக்கே கறுத்திருந்தால் வெறும் மிரட்டல் என்றார். எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது என்று பாப்பா கேட்டாள். லிஃப்டம்மா ஓசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணிப்பெட்டியைக் கழற்றி மேடைமேல் வைத்துத் திறந்தாள். பழைய தொப்பி ஒன்றிலிருந்து நகம் அளவுக்குக் கம்பளித் துணியை வெட்டி, மறுபக்கத் தகட்டில் பசை போட்டு ஒட்டினாள். இனி தண்டு முன்னால் பாய்ந்தால் டிங். பின்னால் வந்தால் துணியில் மோதி ஊமையாகிவிடும். இவ்வளவுதான் வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்; அவர்தான் அப்போதே தப்பான மணி என்று சொன்னாரே. கிண்டல் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பியை இணைத்து மறுபடி வாசலில் மாட்டினாள். சோதித்துப் பார்க்கப் போகவில்லை.

சாயங்காலம் பாப்பா காலிக் கூடையோடு கிளம்பினாள். கூடை இருக்கட்டுமே, ஓசி படுக்க ஆகுமே என்று லிஃப்டம்மா கேட்டதற்கு, வாரா வாரம் காய் வாங்க அது வேண்டும் என்று சொல்லிவிட்டாள். லிஃப்ட் அவளைக் கீழே இறக்கிவிடுகிற சத்தம் நின்று கொஞ்ச நேரமாயிற்று. லிஃப்டம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

டிங்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டிருந்தார். விரல் இன்னும் பொத்தான்மேல் இருந்தது.

"இறங்கணுமா மாமா?"

"இறங்கணும்."

அவள் சட்டத்தை அவர் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, தோளுக்கு அடியில் கை கொடுத்தாள். இருவரும் கழிவறைப் பக்கம் நகர்ந்தார்கள். சட்டம், இடக்கால், வலக்கால், மறுபடி சட்டம். அவசரம் இருந்தது, ஆனால் நேரமும் இருந்தது.

மணிச் சத்தத்துக்குக் காதைத் தூக்கிய ஓசி, இரண்டாவது மணி வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தது. வரவில்லை. இது தனக்கான நிறுத்தம் இல்லை என்று முடிவுசெய்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த மாமனாரின் செருப்பைக் கடிக்கப் போனது.